புதிய டிவிக்கு முன் மாற்ற வேண்டியது எது?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் வீட்டில் இருப்பது 2015-இல் வாங்கிய 32 அங்குல எச்.டி. ரெடி டிவி. இதுவரை பழுது என்று எதுவும் வந்ததில்லை. ஆனால் படம் மங்கலாக இருக்கிறது. முகங்களும் சற்று அகன்று தெரிகின்றன. கேபிள் இணைப்புதான், பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஒயர் டிவிக்குப் போகிறது. நாங்கள் பார்ப்பவை தொடர்களும் செய்திகளும். என் கணவருக்குக் கிரிக்கெட். மகன் வரும்போது ஓ.டி.டி.யில் ஏதாவது படம். கூடத்தில் நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவி ஒன்பது அடி தூரம். 78 வயதான என் மாமியார் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பக்கச் சுவரோரக் கட்டிலில் அமர்ந்து பார்ப்பார். கடையில் 55 அங்குல 4கே டிவியைக் காட்டினார்கள். படம் பிரமிப்பாக இருந்தது. மகனும் அதையே வாங்கச் சொல்கிறான். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் எங்களுக்கு இந்தச் செலவு தகுமா?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

ஒளிபரப்புப் பொறியியலில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள கேபிள் பெட்டியையும் ஒயரையும் மாற்றாமல் 55 அங்குல டிவியை வாங்கி மாட்டினால், உங்கள் வீட்டில் படம் இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத் தெரியும். நீங்கள் குறிப்பிடும் மங்கலுக்கும் அகன்ற முகங்களுக்கும் காரணம் உங்கள் டிவி அல்ல. அதற்குள் வந்து சேரும் படம். அதைச் சரிசெய்வதற்குப் புது டிவியின் விலையில் சிறு பங்கே போதும். அதைச் செய்து ஒரு மாதம் பார்த்த பிறகும் பெரிய திரை வேண்டும் என்று தோன்றினால், உங்கள் வீட்டில் அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உயர் தெளிவைக் குறிக்கும் எச்.டி. என்ற இரண்டெழுத்தைக் கடைக்காரர், கேபிள்காரர், ஓ.டி.டி. நிறுவனம் ஆகிய மூவரும் வெவ்வேறு பொருளில் சொல்வதால் குழப்பம் வருகிறது. படம் என்பது புள்ளிகளால் ஆனது. நம் நாட்டில் நெடுங்காலமாக ஒளிபரப்பாகிவரும் சாதாரண, அதாவது எஸ்.டி. தரப் படத்தில் நெடுக்கில் 576 வரிகள், வரிக்கு 720 புள்ளிகள், மொத்தம் 4,14,720. உங்கள் எச்.டி. ரெடி டிவியின் திரையில் இருப்பவை 1366 பெருக்கல் 768, ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி. என்றால் 1920 பெருக்கல் 1080, ஏறத்தாழ 20.7 லட்சம். 4கே என்றால் 3840 பெருக்கல் 2160, ஏறத்தாழ 83 லட்சம். அதாவது பத்து ஆண்டுகளாக உங்கள் கூடத்தில் இருக்கும் டிவி, தனக்கு வருவதைப்போல் இரண்டரை மடங்கு நுணுக்கத்தைக் காட்டக்கூடியது. அந்தத் திறனை அதனிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை.

கேட்க முடியாமல் தடுப்பது அந்த மஞ்சள் முனை ஒயர். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கானவை; படம் முழுவதும் மஞ்சள் முனை ஒன்றின் வழியாகவே போகிறது. படத்தின் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பி, மறுமுனையில் டிவி அவற்றைப் பிரித்தெடுக்கும் பழைய முறை அது. பிரிப்பது ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. அதனால்தான் சிவப்புப் புடவையின் ஓரத்தில் நிறம் வழிவதும், செய்தியின் கீழே ஓடும் எழுத்துகளின் விளிம்பில் புள்ளிகள் ஊர்வதும். இந்த ஒயரால் எஸ்.டி. படத்தை மட்டுமே கொண்டுசெல்ல முடியும். கேபிள்காரர் எச்.டி. பெட்டியே கொடுத்திருந்தாலும், அதை இந்த ஒயரால் இணைத்தால் டிவிக்கு வருவது எஸ்.டி. படம்தான். எச்.டி. இணைப்புக்குப் பணம் கட்டிவிட்டு, பெட்டியை மாட்ட வந்தவர் பழைய ஒயரையே செருகிவிட்டுப் போனதால் ஆண்டுக்கணக்கில் எஸ்.டி. பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். எச்.டி. படம் வர எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். உங்கள் டிவியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ தட்டையான, கீழ்ப்பகுதி சற்றுக் குறுகிய ஒரு துளை இருக்கும். அதன் அருகே எச்.டி.எம்.ஐ. என்று எழுதியிருக்கும்.

முகங்கள் அகன்று தெரிவதற்குப் பெரும்பாலும் பெட்டியின் மெனுவிலோ டிவியின் மெனுவிலோ திரை விகிதம் தவறாக அமைந்திருப்பதே காரணம். பழைய நிகழ்ச்சிகள் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய திரைகளோ 16-க்கு 9. பழைய படத்தை அகலத் திரை முழுவதும் நிரம்புமாறு இழுத்தால் எல்லோருக்கும் கன்னம் உப்பிவிடும். ரிமோட்டில் உள்ள பட அளவுப் பொத்தானை அழுத்தி, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும் அமைப்பை வைத்துக்கொள்வதே சரி. திரை வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் மனிதர்கள் மனிதர்களாகத் தெரிவார்கள்.

இனித் தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை என்றாலும் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த பிறகு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பொறியாளர்கள், அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார்கள். திரை பார்வையை நிறைக்க வேண்டும், அதே சமயம் வரிகள் கண்ணுக்குப் புலப்படக் கூடாது என்ற தேவைகளிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த இடம்தான் அகலத் திரையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளும். அந்தப் படத்தைத் திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் அமர்ந்து பார்ப்பதாகவே கணக்கிட்டார்கள். எஸ்.டி. படத்துக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ ஆறு மடங்கு; 4கே படத்துக்கு ஒன்றரை மடங்கு. அதைவிட நெருங்கி உட்கார்ந்தால் படத்தின் குறை தெரியும். அதைவிட விலகி உட்கார்ந்தால் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்கு எட்டாது.

இதை உங்கள் கூடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 55 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். அதில் எஸ்.டி. படம் குறையின்றித் தெரிய வேண்டுமானால் பதின்மூன்றரை அடி தள்ளி உட்கார வேண்டும். நீங்கள் ஒன்பது அடியில் இருக்கிறீர்கள். ஆகவே கேபிளில் வரும் ஒவ்வொரு குறையும், சுருக்கி அனுப்பப்பட்ட படத்தில் விழும் கட்டம் கட்டமான சிதறல் உட்பட, பெரிதாக்கப்பட்டு உங்கள் முன் நிற்கும். மறுபக்கம், 4கே தரத்தின் முழுப் பயனை அதே திரையில் காண வேண்டுமானால் மூன்றரை அடிக்குள் நாற்காலியைப் போட வேண்டும். நல்ல பார்வையுள்ளவருக்குக்கூட 55 அங்குலத் திரையில் ஏழு அடிக்கு அப்பால் ஃபுல் எச்.டி.க்கும் 4கே-வுக்கும் உள்ள வேறுபாடு புள்ளிகளின் எண்ணிக்கையால் தெரியாது. நீங்கள் உட்காரும் ஒன்பது அடியில் 83 லட்சம் புள்ளிகளும் 20 லட்சம் புள்ளிகளும் கண்ணுக்கு ஒன்றே.

இந்தக் கணக்கை நம் அனுபவமும் சொல்லும். 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடுதோறும் வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியில் படம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கலாம். அது வெறும் நினைவின் மயக்கமன்று. அந்தத் திரையின் உயரம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். நாலேகால் அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு எஸ்.டி. படத்தின் குறைகள் கண்ணில் பட வழியே இல்லை. ஒளிபரப்பு அப்படியே இருக்க, திரைகள் மட்டும் வளர்ந்ததால் வந்த மங்கலைத்தான் இன்று பல வீடுகளில் காண்கிறோம்.

அப்படியானால் கடையில் கண்ட பிரமிப்பு பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். பொய்யில்லை, ஆனால் அது உங்கள் வீட்டுக்கு வராத படம். கடையில் ஓடுவது அந்த டிவியைக் காட்டுவதற்கென்றே 4கே தரத்தில் எடுத்து, அதிகம் சுருக்காமல் பென்டிரைவில் ஏற்றிய காட்சிகள். டிவியும் வெளிச்சத்தையும் நிறத்தையும் மிகைப்படுத்தும் கடை அமைப்பில் இருக்கும். பக்கத்து டிவியோடு ஒப்பிட நீங்கள் நான்கு அடி தூரத்தில் நின்றிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது சாதாரணக் கேபிள் இணைப்பில் ஒரு செய்திச் சேனலைப் போடச் சொல்லி, ஒன்பது அடி பின்னால் நின்று, கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்; மறுத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவலே.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் கேபிள்காரரிடம் எச்.டி. பெட்டியும் எச்.டி.எம்.ஐ. ஒயரும் கேளுங்கள். அவர் மாட்டிய பிறகு, பெட்டியின் மெனுவில் வெளியீடு 1080ஐ (1080i) என்று இருக்கிறதா என்று அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். நம் நாட்டு எச்.டி. சேனல்கள் அந்த அமைப்பில்தான் ஒளிபரப்பாகின்றன. அடுத்தது சேனல் பட்டியல். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி, பணம் கட்டிப் பார்க்கும் சேனல்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே சேனலின் எஸ்.டி. வடிவத்துக்கும் எச்.டி. வடிவத்துக்கும் தனித்தனி விலை. உங்கள் தொகுப்பில் இரண்டும் சேர்ந்து இருந்தால் நீங்கள் ஒரே நிகழ்ச்சிக்கு இருமுறை பணம் கட்டுகிறீர்கள். நீங்கள் உண்மையில் பார்க்கும் நான்கைந்து சேனல்களை மட்டும் எச்.டி.யில் எடுத்து, அவற்றின் எஸ்.டி. வடிவங்களை நீக்கச் சொல்லுங்கள். மாதச் செலவு எவ்வளவு கூடுகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் அது ஒவ்வொரு மாதமும் வரும் செலவு.

இதன் பிறகு எதில் மாற்றம் தெரியும், எதில் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். சன், விஜய், ஜீ தமிழ் போன்றவற்றின் எச்.டி. சேனல்களில் இன்று எடுக்கப்படும் தொடர்கள் உங்கள் 32 அங்குலத் திரையிலேயே துலக்கமாகத் தெரியும். புடவையின் சரிகையும் முகத்தின் இயல்பான நிறமும் திரும்பி வரும். கிரிக்கெட்டில் மாற்றம் இன்னும் அதிகம். அகன்ற பச்சைப் பரப்பும் அதில் விரையும் சிறு பந்தும் சுருக்கப்பட்ட எஸ்.டி. படத்துக்கு மிகக் கடினமானவை என்பதால், உங்கள் கணவர் முதல் ஓவரிலேயே வேறுபாட்டை உணர்வார். ஆனால் எச்.டி. சேனலில் வரும் பழைய திரைப்படங்கள் பல, முன்பு எஸ்.டி. நாடாவில் பதிந்து வைத்ததைப் பெரிதாக்கி ஒளிபரப்பப்படுபவை. அவற்றில் எந்தப் பெட்டியாலும் எந்த டிவியாலும் இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவர முடியாது. தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை கேபிளில் எஸ்.டி.யாகவே வருகின்றன. வீட்டில் இணைய இணைப்பு இருந்தால், பல செய்திச் சேனல்களை யூடியூப் நேரலையில் கேபிளைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். அதற்கு உங்கள் பழைய டிவியின் இன்னொரு எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி, இணையத்தில் வரும் படத்தை டிவியில் காட்டும் ஸ்டிக் ஒன்று போதும். மகன் பார்க்கும் ஓ.டி.டி.யும் அதிலேயே வரும். 4கே படம் இன்று வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஓ.டி.டி. வழியாகத்தான், தமிழில் நாள்தோறும் 4கே-யில் ஒளிபரப்பாகும் சேனல் இல்லை. அதற்கும் நெட்ஃப்ளிக்ஸ் நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது, ஃபுல் எச்.டி.க்கு 5 மெகாபிட் போதும். அதோடு 4கே அங்கே விலை கூடிய திட்டத்தில்தான் கிடைக்கும். மகன் விடுமுறையில் பார்க்கும் சில படங்களுக்காக நீங்கள் ஆண்டு முழுவதும் சுமக்க வேண்டிய செலவா அது என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இப்போது, பெரிய திரைக்கு நான் காணும் நல்ல காரணம்: உங்கள் மாமியார். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை எவ்வளவு தெளிந்தது என்பது அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் முதிய கண்களுக்கு நுண்ணிய புள்ளிகள் பெரிதாக உதவுவதில்லை. எழுத்தின் அளவும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடும், திரையில் வெளிச்சம் பட்டுக் கூசாமல் இருப்பதுமே உதவும். 43 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத்தைவிட ஏறத்தாழ 80 சதவீதம் அதிகம். அவருடைய கட்டிலிலிருந்து செய்தி வரியைப் பிறர் உதவியின்றிப் படிக்க முடிவது, கடைக்காரர் சொல்லும் எந்தச் சிறப்பம்சத்தைவிடவும் மதிப்புள்ளது என்று நான் நினைக்கிறேன். எச்.டி. பெட்டி வந்த பிறகும் அவருக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், தயங்காமல் 43 அங்குலம் வாங்குங்கள். உங்கள் ஒன்பது அடிக்கு அது பொருத்தமான அளவு. அந்தத் திரையில் எஸ்.டி.க்கும் எச்.டி.க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், எஸ்.டி. செய்தியும் சகிக்கும்படி இருக்கும்.

அந்த அளவில் ஃபுல் எச்.டி. டிவிகள் கடைகளில் குறைந்துவருகின்றன. பெரும்பாலும் 4கே-யே கிடைக்கும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் 4கே வாங்குவதில் தவறில்லை. ஃபுல் எச்.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நெடுக்கிலும் குறுக்கிலும் சரியாக இரண்டிரண்டாகப் பெருகி 4கே திரையில் பொருந்திவிடும் என்பதால் படத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 4கே என்ற சொல்லுக்காகத் தரம் குறைந்த திரையை எடுத்துவிடாதீர்கள். மாமியார் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால், ஐ.பி.எஸ். வகைத் திரையே உங்களுக்கு ஏற்றது, வி.ஏ. வகைத் திரையில் நேர் எதிரே கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். விற்பனையாளருக்கு இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. உங்கள் கட்டில் இருக்கும் கோணத்தில் நகர்ந்து நின்று, முகத்தின் நிறம் மாறுகிறதா என்று பார்த்தாலே போதும். விலை குறைந்த டிவிகளின் அட்டையில் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் படமுறை) என்று எழுதியிருப்பதைப் பெரிதாக எண்ண வேண்டாம். அந்தப் படத்துக்குத் தேவையான வெளிச்சத்தை அவற்றின் திரை தருவதில்லை.

விலையைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய பட்டியல் விலையைக் காட்டித் தள்ளுபடி என்று யாரேனும் சொன்னால், வரிக் குறைப்பைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள். மின்செலவுக்காக அஞ்ச வேண்டியதில்லை. புது டிவி இப்போதுள்ளதைவிட 40 வாட் கூடுதலாக எடுத்து, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 12 யூனிட் கூடும்.

டிவி வந்ததும் பட அமைப்பைச் சினிமா அல்லது ஸ்டாண்டர்டு என்பதில் வைத்து, கூர்மையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். கூர்மையைக் கூட்டினால் எஸ்.டி. படத்தின் சிதறல்தான் கூடும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஒன்று மெனுவில் இருக்கும். திரைப்படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள், கிரிக்கெட்டுக்கு உங்கள் கணவரின் விருப்பம். சுவரில் மாட்டும்போது, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வருமாறு மாட்டச் சொல்லுங்கள். மாட்ட வருபவர்கள் வழக்கமாக அதைவிட ஓரடி உயரத்தில் ஆணியடித்துவிடுவார்கள், வயதானவர்களின் கழுத்து அதைத் தாங்காது. பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பத்து ஆண்டு டிவிக்குக் கிடைக்கும் தொகை மிகக் குறைவாகவே இருக்கும். அதைவிட, அந்த ஸ்டிக்கோடு அதை உள்ளறையில் வைத்துக்கொண்டால், கிரிக்கெட்டும் தொடரும் ஒரே நேரத்தில் வரும் மாலைகளில் இன்னொரு கேபிள் இணைப்பு எடுக்காமலேயே இரண்டையும் பார்க்கலாம்.